பதிமூன்று நாள் கழித்துக் கேட்ட கிட்டார்

புன்னைமுனையில் கஸ்பார் மச்சாது கிட்டார் வாசித்தால் அது அன்றைக்குக் கேட்காது என்பதை அந்த ஊர்க்காரர்கள் யாரும் வெளியூர்க்காரர்களிடம் ஒரு செய்தியாகச் சொன்னதில்லை, தங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும் என்பதை எப்படி யாரும் செய்தியாகச் சொல்வதில்லையோ அப்படி. ஆனால் அது எப்போது தொடங்கியது என்று கேட்டால் எல்லோருமே சொல்லிவிடுவார்கள், மாதா கோயில் திருவிழாவின் நாலாம் நாள், சாயங்காலம் ஏழு மணி, இன்னிசைக் கச்சேரி, மூன்றாவது பாட்டின் நடுவில்.

கஸ்பாருக்கு அப்போது முப்பத்தாறு வயது. பகலில் கடற்கரையோரத்துத் தகரக் கொட்டகையில் வள்ளங்களின் பின்னால் மாட்டுகிற எஞ்சின்களைப் பழுது பார்ப்பான், சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வியாகுலம் அண்ணன் நடத்திய முத்துக்கரை இன்னிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிப்பான். ஓடுகிற எஞ்சினைத் திரும்பிப் பார்க்காமலே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லக்கூடிய காது அவனுக்கு. அந்தக் காதுதான் அவனைக் கெடுத்தது என்று பிற்பாடு வியாகுலம் சொல்வார். எஞ்சினுக்கு வேகம் கூடினால் நல்லது என்பதுபோலக் கிட்டாருக்கும் வேகம் கூடினால் நல்லது என்று அவன் தனக்குள் முடிவு கட்டிக்கொண்டு, நொடிக்கு எட்டுச் சுரம் என்று தொடங்கி, பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று பதினோரு வருஷமாக ஏறிக்கொண்டே போய், அந்தத் திருவிழாவின் நாலாம் நாள் பதினாறைத் தொட்டான்.

பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, கிட்டார் மட்டும் தனியாக வரவேண்டிய இடம் அது. கஸ்பார் ஓர் அடி முன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல்களை ஓடவிட்டான். விரல்கள் தெரியவில்லை, விரல்கள் இருந்த இடத்தில் மின்விசிறி ஓடுவதுபோல ஒரு மங்கல் மட்டும் தெரிந்தது. சத்தம் வரவில்லை. பந்தலில் கட்டியிருந்த வண்ணக் காகிதம் படபடப்பது கேட்டது, பின்வரிசையில் ஒரு குழந்தை அப்பளம் கடிப்பது கேட்டது, கிட்டார் மட்டும் கேட்கவில்லை. மைக்செட் ஐயாக்கண்ணு ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் சொருகிப் பார்த்துவிட்டு, மாதாவின் சொரூபத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, தன்மேல் குற்றமில்லை என்று உட்கார்ந்துவிட்டார். நாலு நிமிஷம் அப்படியே போனது. கஸ்பார் கண்ணைத் திறந்து தலைவணங்கினான். கூட்டம் ஒரு கணம் யோசித்தது. அப்புறம், இவ்வளவு வேகமாக ஆடிய விரல்களுக்குக் கை தட்டாமல் இருப்பது மரியாதையில்லை என்று தோன்றவே, பந்தல் அதிரக் கை தட்டியது. இரண்டு பேர் விசில் அடித்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, காலி மேடையில் ஓர் ஆடு ஏறி தென்னங்குருத்துத் தோரணத்தைத் தின்றுகொண்டிருந்தபோது, கிட்டார் கேட்டது. முழு நாலு நிமிஷமும் கேட்டது. ஆடு கொஞ்சம் தள்ளிப்போய் நின்று தின்றது. மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தை ஊன்றி நின்றார்கள், கோயிலிலிருந்து பங்குச்சாமி ஜெரோம் வெளியே வந்தார், வியாகுலம் அண்ணன் பல் விளக்கிக்கொண்டே ஓடிவந்தார்.

"நேத்து வாசிச்சதுல்லா இது," என்றார் வியாகுலம், வாய் நிறைய நுரையோடு.

"ஆமா," என்றார் பங்குச்சாமி. "இப்பத்தான் வருது போல."

அவ்வளவுதான் பேசினார்கள். ஐயாக்கண்ணுதான் எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டார், தன் ஸ்பீக்கர்கள்மேல் இனி யாரும் பழி சொல்ல முடியாது என்பதால்.

கணக்கு சீக்கிரமே பிடிபட்டது. கஸ்பார் எந்த இடத்தில் வாசித்தானோ அந்த இடத்தில்தான் கேட்கும். எவ்வளவு வேகமாக வாசித்தானோ அவ்வளவு தாமதமாகக் கேட்கும். நொடிக்குப் பதினாறு என்றால் அடுத்த நாள், பதினேழு என்றால் மூன்றாம் நாள், பதினெட்டரை என்றால் சரியாக ஒரு வாரம். ஊர் இதற்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கஸ்பார் வியாழக்கிழமையே வந்து காலிக் கோயிலில் வாசித்துவிட்டுப் போனான், ஞாயிற்றுக்கிழமை அவன் எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருக்கையில் காணிக்கைப் பவனியின்போது கிட்டார் தானாகக் கேட்டது. கோயில் அறிவிப்புப் பலகையில் திருமண அறிக்கைகளுக்குக் கீழே "கஸ்பார் வாசித்தது கேட்கும் நேரம்: செவ்வாய் பிற்பகல் 3.10, சமூகக் கூடம்" என்று எழுதிப் போட்டார்கள். கல்யாண வீட்டார் நாலு நாள் முன்னதாக அவனைக் கூடத்துக்குக் கூட்டிவந்து, காலி நாற்காலிகளுக்கு முன் வாசிக்கவைத்து, காபி கொடுத்து அனுப்பினார்கள்.

எப்போதும் சரியாக அமைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு மாப்பிள்ளைக்கு அம்மை போட்டுக் கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போய்விட, அந்தத் தேதியில் கூடத்தில் நடந்தது இறந்துபோன வள்ளக்காரர் சந்தியாகுவின் முப்பதாம் நாள் விருந்து. எல்லோரும் தலையைக் குனிந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது கல்யாண ஊர்வலப் பாட்டு நொடிக்குப் பதினெட்டுச் சுரமாகக் கொட்டத் தொடங்கியது. சந்தியாகுவின் மனைவி முக்காட்டை விலக்கி மேலே பார்த்து, "அவரு உசிரோட இருந்தப்ப எந்தக் கல்யாணத்தயும் விட்டதில்ல, இதயும் விடாம வந்துட்டாரு," என்று சொல்லி அழுதுகொண்டே சிரித்தாள், பந்தி அதற்குப் பிறகு கலகலப்பாக நடந்தது. கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த பத்திரப்பதிவு அதிகாரி ஒருவர் இரைச்சல் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார். ஏட்டையா வந்து விசாரித்து, சத்தம் வந்த தேதியில் யாரும் வாசிக்கவில்லை, வாசித்த தேதியில் சத்தம் வரவில்லை என்று எழுதி, அதிகாரியிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இதனால் கஸ்பாரின் மதிப்பு குறையும் என்று நினைத்தால் தப்பு. கூடியது. தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பையன்கள் பைக்கில் வந்து அவன் விரல்களைப் படம் பிடித்துப் போனார்கள், சத்தமே இல்லாத அந்தப் படங்களை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்து வாயைப் பிளந்தார்கள். வேறு ஊர்க் கிட்டார்க்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் புன்னைமுனைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கி, "வாசிப்பான், ஆனா வாசிச்ச உடனே கேட்டுருமே," என்பார்கள். தாமதம்தான் பெருமைக்கு அளவுகோல் என்று ஆகிவிட்டது. கஸ்பாரும் அதை நம்பினான். வருஷங்கள் போகப் போகப் பத்தொன்பது ஆனது, பத்தொன்பதே முக்கால் ஆனது, ஒன்பது நாள், பதினோரு நாள். தான் வாசித்தது திரும்பி வரும்போது அவன் அதைக் கேட்டதேயில்லை. அந்த நேரத்தில் கொட்டகையில் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டோ, இன்னும் வேகமாக வாசிக்க வேறு எங்கேயோ பழகிக்கொண்டோ இருப்பான். தனக்கு அது விரல் நுனியிலேயே கேட்டுவிடுகிறது என்று சொல்லிக்கொள்வான்.

கேட்டவள் தெக்லா.

தெக்லா கஸ்பாரின் மனைவி, மீன் இறங்குதுறையில் ஏலம் விடுகிறவள். விடியற்காலை வள்ளங்கள் கரையேறியதும் இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு கூடைகளுக்கு நடுவில் நின்று அவள் ஏலம் கூறத் தொடங்கினால், வாயிலிருந்து வார்த்தைகள் வருவது தெரியாது, ஒரே நூலாக இழுத்துக்கொண்டே போகும், வியாபாரிகள் என்ன கேட்டோம் என்று தெரியுமுன்னே கூடை அவர்கள் காலடியில் இருக்கும். ஒன்பது மணிக்கு வீடு திரும்பினால் அவளுக்கு வேண்டியது ஒரு சொம்புத் தண்ணீரும் கொஞ்சம் அமைதியும். வீட்டில் அமைதி எங்கே இருந்தது? கஸ்பார் முன்னறையில் உட்கார்ந்து விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பான், ஒரு சத்தமும் இருக்காது, பேச்சுக் கொடுத்தால் காதில் விழாது. அவன் கொட்டகைக்குப் போனதும், பதினோரு நாளைக்கு முன் பழகியது முன்னறையில் கேட்கத் தொடங்கும், பத்து நாளைக்கு முன் பழகியது பின்கட்டில் கேட்கும், சோறு வடிக்கிற நேரத்தில் இரண்டும் சேர்ந்து கேட்கும். புருஷன் இருக்கும்போது சத்தம் இல்லை, சத்தம் இருக்கும்போது புருஷன் இல்லை. ஒரு நாள் வெறும் முன்னறையைப் பார்த்து அவள், "நிறுத்துங்க, போதும்!" என்று கத்தினாள். அது நிற்கவில்லை. அது நடந்து முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

அன்றைக்கே நாலு சேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கஸ்பாருக்கு இது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் வியாகுலம் அண்ணன் சொல்லி. "ஏல, உம் பொண்டாட்டி அவ அக்கா ஞானசெல்வி வீட்ல இருக்கா. என்ன நடந்துச்சு?" கஸ்பார் பதறிப்போய்க் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வார்த்தையில் மன்னிப்புக் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை, அதனால் தெக்லாவின் அக்கா வீட்டு வாசலில் நின்று, அதுவரை எட்டாத வேகத்தில், நொடிக்கு இருபதாக, ஐந்து நிமிஷம் வாசித்தான். வேர்வை சொட்டியது. தெரு கூடி நின்று பார்த்தது. தெக்லாவும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"எத்தன?" என்று கேட்டாள், முடிந்ததும்.

"இருவது," என்றான் கஸ்பார், மூச்சு வாங்க, பெருமையை மறைக்க முடியாமல்.

"அப்ப பதிமூணு நாளாவும். வந்தப்புறம் கேட்டுட்டுச் சொல்லுதேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பதிமூன்று நாளில் பத்தாவது நாள் கஸ்பார் முகம் மழிக்கப் போனான். பெருமாள் சலூனில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். பெருமாள் அவன் முகத்தில் ஒரு பக்கத்தை மழித்துவிட்டு மறுபக்கத்துக்கு நுரை போட்டபோது, கடைக்குள் திடீரென்று ஓர் இரைச்சல் எழுந்தது. சூடான எண்ணெயில் ஒரு படி கடுகைக் கொட்டியதுபோல, தகரக் கூரையில் கூழாங்கல்லை அள்ளி வீசியதுபோல, விடாமல், மூச்சு விடாமல், ஓர் இடத்திலும் நிற்காமல். கஸ்பார் முகத்தைச் சுளித்தான்.

"எவம்ல இவன்? எஞ்சின்ல ஆயில் இல்லாம ஓட்டுத மாதிரி. நிறுத்தச் சொல்லும்வே."

பேப்பர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயர்ந்து முகங்களை மறைத்துக்கொண்டன. பெருமாள் கத்தியைத் துணியில் துடைத்தார், திரும்பத் துடைத்தார்.

"நீங்கதான் அண்ணாச்சி," என்றார் மெதுவாக. "அன்னிக்கு முடி வெட்ட வந்தப்ப, ஆள் நிறைய இருந்துச்சே, காத்துக்கிட்டு இருக்கையில வாசிச்சீங்க. எல்லாரும் கை தட்டினோம்."

கஸ்பார் கண்ணாடியில் பாதி நுரையோடு இருந்த தன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இரைச்சல் இன்னும் மூன்று நிமிஷம் ஓடியது. விரல்களைப் பார்க்க முடிந்தபோது பிரமாதமாக இருந்தது, பார்க்க விரல்கள் இல்லாதபோது அதில் ஒன்றுமே இல்லை. அவன் எழுந்து வெளியே ஓடிவிட நினைத்தான், ஆனால் தொண்டைக்குப் பக்கத்தில் கத்தி இருந்தது.

"இது என்ன பாட்டுவே?" என்று கேட்டான், முடிந்ததும்.

"அது எங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நீங்கதான சொல்லணும்."

கஸ்பார் யோசித்தான். புது வள்ளத்தைப் பங்குச்சாமி மந்திரித்துக் கடலில் இறக்கும்போது பாடுகிற பாட்டாக இருக்கலாம், தாலாட்டாக இருக்கலாம், போன வருஷத்துச் சினிமாப் பாட்டாகவும் இருக்கலாம். அவனுக்குத் தெரியவில்லை. மறுபக்கத்தை மழித்துக்கொள்ளாமலே எழுந்து வீட்டுக்குப் போனான், வழியில் யாரும் அவன் முகத்தில் பாதி தாடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அதைவிட அவன் முகமே விசாரிக்க முடியாதபடி இருந்தது.

மெதுவாக வாசிப்பது என்று அவன் அன்றைக்கு முடிவெடுத்தான். விரல்கள் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக விரட்டி ஓட்டிய விரல்கள், கம்பியைத் தொட்டதும் தாமாகப் பறந்தன. கையுறை மாட்டிப் பார்த்தான், பதினெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிப் பார்த்தான், கட்டே அவிழ்ந்து பறந்தது. விஷயம் தெரிந்ததும் வியாகுலம் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏல, உனக்கென்ன பைத்தியமா? அடுத்த மாசம் மறைமாவட்ட ஆயரே வாராரு. உன்னப் பாக்கத்தான் வாராரு. மெதுவா வாசிச்சா எவன் பாப்பான்? மெதுவா நானே வாசிப்பேனே!"

"எனக்கு அது பிடிக்கலண்ணே."

"உனக்கு யாருல பிடிக்கச் சொன்னா? ஊருக்குப் பிடிச்சிருக்கு."

பங்குச்சாமியும் வந்து, அதட்டாமல், ஆனால் கவலையோடு, ஈஸ்டர் வரைக்கும் அறிவிப்புப் பலகை நிரம்பிவிட்டதைச் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். ஒரு தாமதத்தைச் சுற்றி ஓர் ஊரே தன்னை அடுக்கிவைத்திருக்கும்போது அதை ஒருவன் தன்னிஷ்டத்துக்கு நேராக்கப் பார்ப்பது எப்படி நியாயம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

பதிமூன்றாம் நாள் வந்தது. தெக்லா அன்று ஏலத்துக்குப் போகவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் ஏலத்துக்குப் போகாத நாள் என்று கல்யாணத்தன்று தவிர யாருக்கும் நினைவில்லை. தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, அக்கா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பதினொன்றே காலுக்கு அது வந்தது. ஐந்து நிமிஷமும் அவள் அசையாமல் கேட்டாள், ஒரு வார்த்தையாவது, ஒரு மூச்சாவது தனக்கென்று அதில் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நடுவில் அக்கா புருஷன் உள்ளேயிருந்து ஓடிவந்து, தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகும் ஓடியதால் பயந்துபோய் மெயினையும் அணைத்தார்.

தெக்லா எழுந்து நேராகத் தன் வீட்டுக்கு நடந்தாள். கஸ்பார் முன்னறையில், மீன்கடையிலிருந்து வாங்கிவந்த ஐஸ் நிரம்பிய வாளிக்குள் வலது கையை முழங்கை வரை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வந்துச்சு," என்றாள். "அதுல என்ன சொன்னீங்க?"

"மன்னிச்சுக்கன்னு சொன்னேன்."

"எந்த இடத்துல?"

கஸ்பார் வாளியைப் பார்த்தான்.

"எந்த இடத்துலன்னு எனக்கே தெரியல தெக்லா," என்றான். "பெருமாள் கடையில வச்சுக் கேட்டேன். நானே என்னத் திட்டினேன்."

அவனைத் திட்டத்தான் வந்திருந்தாள், ஆனால் அவன் ஏற்கெனவே திட்டிக்கொண்டு விட்டதால் என்ன செய்வதென்று தெரியாமல், வாளிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவன் கையை ஐஸிலிருந்து எடுத்துத் தன் முந்தானையால் துடைத்தாள். அது நீலம் பாரித்திருந்தது.

"நான் எதுக்கு ஏலத்துல அவ்வளவு வேகமாச் சொல்லுதேன் தெரியுமா?" என்றாள். "எதிர்ல நிக்கிறவன் யோசிக்கக் கூடாது. யோசிச்சா மீன் கண்ணு வெளுத்திருக்குன்னு பாத்துருவான். அதுக்குத்தான் வேகம். வீட்டுக்கு வந்து உங்கள சாப்பிட வாங்கன்னு கூப்பிடும்போது அப்படியா கூப்பிடுதேன்?"

"இல்ல."

"நீங்க வாசிக்கும்போது எங்க யாரையும் யோசிக்க விடமாட்டேங்கீங்களே. அப்படி எந்த மீன வெளுத்துப்போச்சுன்னு மறைக்கீங்க?"

கஸ்பாருக்குக் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் இரண்டும் போய்க் கண் கலங்கியது. மெதுவாக வாசித்தால் தனக்குள் வாசிக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அது என்று, வேகத்தைப் பிடித்துக்கொண்ட இருபத்தைந்து வயதிலிருந்து யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். சொல்வதற்கு வெகுநேரம் எடுத்தது. தெக்லா அவசரப்படுத்தவில்லை.

"சரி, ஒண்ணே ஒண்ணு வாசிங்க," என்றாள். "ஒரே ஒரு சுரம். அதுல எங்க போய் வேகமா வாசிப்பீங்க?"

கஸ்பார் மரத்துப்போன விரலால் ஒரு கம்பியை ஒரே ஒரு முறை மீட்டினான். கேட்கவில்லை. இருவரும் காத்திருந்தார்கள். இத்தனை வருஷத்து வேகம் அந்த ஒற்றைச் சுரத்திலும் இருந்தது போல. காத்திருக்கும் நேரத்தில் தெக்லா வாளியைக் கொண்டுபோய்க் கொட்டினாள், அடுப்பு மூட்டினாள், கஸ்பார் வெங்காயம் உரித்துக் கொடுத்தான், அக்கா புருஷன் மெயினை அணைத்த கதையைத் தெக்லா சொல்ல அவன் வெங்காயத்தோடு சேர்ந்து அழுதுகொண்டே சிரித்தான். சாயங்காலம் நாலரை மணிக்கு, இருவரும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கையில், முன்னறையில் டங் என்று ஒரு சுரம் கேட்டது. பேச்சை நிறுத்தி, அது தேயும்வரை கேட்டார்கள்.

"நல்லாத்தான இருக்கு," என்றாள் தெக்லா, எழுந்துகொண்டே. "நாளைக்கு வாரேன்."

அவள் அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். ஏலம் முடித்து, செதில் ஒட்டிய கையோடு நேராக வருவாள், கஸ்பார் ஒரு சுரம் மீட்டுவான், இருவரும் காத்திருப்பார்கள், காத்திருக்கும்போது பேசுவார்கள். கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் பேசாதது நிறைய சேர்ந்திருந்தது, அதனால் காத்திருப்பது கஷ்டமாக இல்லை. நாலு மணி நேரம் இரண்டு மணி நேரமானது, இரண்டு மணி நேரம் அரைமணியானது. பத்து நிமிஷமாகக் குறைந்தபோது, பேச்சு பாதியில் அறுந்துபோவது இருவருக்குமே வருத்தமாக இருந்தது, அதனால் சுரம் கேட்டு முடிந்த பிறகும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு சுரம் இரண்டானது, இரண்டு நாலானது. மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கஸ்பார் கம்பியை மீட்டியதும் அது கேட்டது. இருவரும் திடுக்கிட்டார்கள். கஸ்பார் கிட்டாரைக் கீழே போட்டுவிடப் பார்த்தான்.

ஊரில் ஒன்பது வயதுக்கு உட்பட்ட யாரும் அதுவரை கிட்டார் வாசிக்கும்போதே கேட்டுப் பார்த்ததில்லை என்பதால், இது எப்படி நடக்கிறது என்று பிள்ளைகள் ஜன்னலில் வந்து தொங்கினார்கள்.

ஆயர் வந்த நாளில் கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணி. மாலைகள், வரவேற்புரைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நடனம் எல்லாம் முடிந்து, வியாகுலம் அண்ணன் மைக்கைப் பிடித்து, உலகத்திலேயே மிகத் தாமதமாகக் கேட்கும் கிட்டார்க் கலைஞன் என்று அறிவித்தார். கஸ்பார் முன்னால் வந்தான். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வள்ளம் மந்திரிக்கும்போது எல்லோரும் பாடுகிற, மொத்தமே எட்டு வரியுள்ள அந்தப் பாட்டை எடுத்து, முதல் சுரத்தை மீட்டினான்.

உடனே கேட்டது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "கேட்டுருச்சே!" என்று யாரோ முனகினார்கள். வியாகுலம் அண்ணன் தான் வாசிக்கும் கீபோர்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். படம் பிடிக்க வந்த பையன்கள், தனித்தனியாக ஐந்து விரல்களும் தெரியக்கூடிய ஒரு கையைப் படம் பிடித்து என்ன செய்வது என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். பங்குச்சாமி ஆயரின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் மேலே பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பாருக்கு இதெல்லாம் தெரிந்தது, விரல்கள் ஓடிவிடு ஓடிவிடு என்று துடித்தன. அவன் ஓடவில்லை. இரண்டாவது சுரத்தை மீட்டினான், அது எவ்வளவு நேரம் நிற்கவேண்டுமோ அவ்வளவு நேரம் நிற்கவிட்டு, மூன்றாவதை மீட்டினான்.

மூன்றாம் வரியின் முடிவில், ஏறிக்கொண்டே வந்த பாட்டு இறங்குவதற்கு முன் கொஞ்சம் நிற்க வேண்டிய இடத்தில், அவன் நின்றான். அடுத்த சுரத்தை அவன் இன்னும் தொடவில்லை. அப்போது பந்தல் முழுக்க அந்தச் சுரம் கேட்டது. வள்ளக்காரர்கள், ஏலக்காரிகள், சந்தியாகுவின் மனைவி, பெருமாள், ஐயாக்கண்ணு, எல்லோரும் வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே அதை முனகியிருந்தார்கள், முனகினோம் என்று அவர்களுக்கே தெரியாது. கஸ்பார் அதற்குப் பிறகுதான் கம்பியைத் தொட்டான். ஊரின் வாயில் ஏற்கெனவே வந்துவிட்ட சுரத்தின்மேல் தன் சுரத்தை மெதுவாகக் கொண்டுபோய் வைத்தான். அங்கிருந்து கடைசி வரி வரை அப்படியே போனது, ஒவ்வொன்றும் அவன் கைக்கு முன்னால் அவர்கள் தொண்டையில் வந்தது. ஆயரும் முனகினார், சுதி சேரவில்லை, யாரும் பொருட்படுத்தவில்லை.

முடிந்ததும் உடனே யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். அப்புறம் தட்டினார்கள், முன்புபோலப் பந்தல் அதிரவில்லை, விசில் இல்லை. வியாகுலம் அண்ணன் மட்டும் எழுந்து வந்து, "இதுக்கு இனிமே நான் என்னன்னு சொல்லி ஆள் கூப்பிடுவேன்?" என்று அவன் காதில் கேட்டுவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் நின்றார்.

கூட்டம் கலைந்தது. கஸ்பார் கிட்டாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு உப்பளத்து ரோட்டில் நடந்தான், தெக்லா கூடவே நடந்தாள். அக்கா வீட்டுக்குத் திரும்புகிற தெரு வந்தது, போனது, அவள் திரும்பவில்லை. அவனும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வெயில் இறங்கி உப்புக் குவியல்கள் மஞ்சளாகியிருந்தன. பாதி வழியில் தெக்லா சொன்னாள்:

"அஞ்சாவது வரியில ஓரிடம் தப்பு."

கஸ்பார் நின்றுவிட்டான். இத்தனை வருஷத்தில், இத்தனை மேடையில், அவன் வாசிப்பில் இன்ன இடம் தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல யாராலும் முடிந்ததில்லை.

"எந்த இடம்?"

தெக்லா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏலம் கூறிக் கூறிக் கரகரத்துப்போன குரலில், அந்த வரியைப் பாடிக் காட்டினாள். கஸ்பார் ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்து, உறையை அவிழ்த்துக் கிட்டாரை எடுத்து, அந்த வரியை வாசித்தான்.

"இல்ல," என்றாள்.

திரும்ப வாசித்தான்.

"இல்லங்க. இன்னும் கொஞ்சம் இழுக்கணும்."

உப்பு ஏற்றிப் போன லாரி ஒன்று அவர்களுக்காக ஒதுங்கிப் போனது. கஸ்பார் முகமெல்லாம் சிரிப்பாக, மூன்றாவது தடவை வாசிக்கத் தொடங்கினான்.